கிறிஸ்தவக் கல்லூரியில் யாருக்கு இடம்?

(கொட்டச்சேட்டில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இளங்கலைப் படிப்புக்கு ஒரு கிறிஸ்தவக் கல்லூரி எந்த அளவுகோலைக் கொண்டு மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்பதுதான் இன்றைக்கு எடுத்துக்கொண்ட பொருள். கேட்பதற்கு இது அலுவலக விவகாரம் போலத் தோன்றும். பிளஸ் டூ முடிவு வருகிறது, விண்ணப்பம் போடுகிறோம், கட்-ஆஃப் ஒட்டுகிறார்கள், பட்டியலில் பெயர் இருந்தால் சேருகிறோம், இல்லாவிட்டால் அடுத்த கல்லூரியைப் பார்க்கிறோம். இதில் மேடை போட்டுப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. நம் அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தந்திருக்கிறது. அந்த உரிமையின் பேரில், அரசுக் கல்லூரிக்கு இல்லாத ஒரு சுதந்திரம் மாணவர் சேர்க்கையில் கிறிஸ்தவக் கல்லூரிக்குக் கிடைக்கிறது. ஏற்கெனவே மதிப்பெண்ணில் முந்தி நிற்பவர்களை இன்னொரு முறை பொறுக்கி எடுக்க அந்தச் சுதந்திரம் தேவையே இல்லை. அதை எந்தக் கல்லூரியும் செய்யும். முந்துவதற்கு வசதியில்லாத இடத்தில் படித்தும் அங்கே முந்தி நிற்கிற பிள்ளையைத் தேடிப் பிடிக்கத்தான் அது வேண்டும். அப்படிப் பயன்படுத்தாத கல்லூரி, 30-ஆம் பிரிவைப் பற்றி நீதிமன்றத்தில் எவ்வளவு பேசினாலும், அந்த உரிமையைப் பாதிதான் அனுபவிக்கிறது என்பேன்.

இதைச் சென்னையிலோ திருச்சியிலோ ஒரு கல்லூரி அரங்கில் பேசுவதைவிட ஏற்காட்டு மலையில் இருக்கும் கொட்டச்சேட்டில் பேசுவது பொருத்தம். குப்பனூர் பாதையில் இறங்கினாலும் சரி, ஏற்காடு போய்க் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினாலும் சரி, இங்குள்ள பெரும்பாலோருக்குப் பட்டப்படிப்பு என்றால் சேலம்தான், இல்லையென்றால் அதையும் தாண்டிய ஊர்தான். ஆனால் பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை பயணம் தலைகீழ். 1894-இல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் கான்வென்ட்டுக்கும் 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளிக்கும் பிள்ளைகளைச் சேர்க்க எங்கெங்கிருந்தோ வசதியுள்ளவர்கள் ஏற்காட்டுக்கு ஏறி வருகிறார்கள். இரண்டுமே கிறிஸ்தவத் துறவியர் நடத்துகிற பள்ளிகள். நல்ல பள்ளிகள் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதே மலையில் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களின் பிள்ளைகளும் காபித் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் ஊராட்சி ஒன்றியப் பள்ளியிலும் அரசின் உண்டு உறைவிடப் பள்ளியிலும் படிக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பழங்குடியினரில் எண்ணிக்கையில் முதலிடம் மலையாளிகளுக்கு. 2011 கணக்கெடுப்பில் அவர்கள் சுமார் மூன்றரை லட்சம் பேர். அதே கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதம், பழங்குடியினரின் எழுத்தறிவு 54 சதவீதம். ஒரே மலையில் படித்த இரண்டு பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஒரே கல்லூரி அலுவலகத்துக்குப் போகின்றன. அலுவலகம் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை ஆசிரியர்கள் நின்றார்கள் என்பதை அது பார்ப்பதில்லை.

பிளஸ் டூ மதிப்பெண் எதை அளக்கிறது? சான்றுக்குத் தொலைவில் போக வேண்டாம். மலைக்குத் தெற்கே இருக்கும் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரமே போதும். அங்குள்ள உறைவிடப் பள்ளிகள் பல ஆண்டுகள் மாநிலத் தரவரிசையை ஆண்டன. பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே திரும்பத் திரும்பப் படிக்க வைத்து, தேர்வுமேல் தேர்வு வைத்து எடுத்த மதிப்பெண்கள் அவை. கோழிப்பண்ணைக்குப் பேர்போன மாவட்டம் என்பதால் ‘பிராய்லர் பள்ளி’ என்று மக்களே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. பாவம், அவர்களைப்போல உழைத்தவர்கள் கிடையாது. ஆனால் அந்த உழைப்பை அப்படி ஒழுங்குபடுத்தித் தர ஆண்டுக் கட்டணம் கட்டக்கூடிய ஒரு வீடு வேண்டியிருந்தது. அரசுக்கும் இது தெரிந்தே இருந்தது. 2017-இல் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிப்பது நிறுத்தப்பட்டது. பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதிப்பதைத் தடுக்க அதற்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-இல் அந்தத் தேர்வு கைவிடப்பட்டது. இடையில், 1200-ஆக இருந்த மொத்த மதிப்பெண் 600 ஆனது. 2021-இல் கொரோனாவால் பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்புக்கு 50, பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அக மதிப்பீட்டுக்கு 30 என்று விகிதம் போட்டு மதிப்பெண் தந்தார்கள். அந்த ஆண்டும் கல்லூரிகள் அரை மதிப்பெண் வித்தியாசத்தில் வரிசைப்படுத்தத் தயங்கவில்லை! எட்டே ஆண்டுகளில் இத்தனை முறை மாற்றி அமைக்கப்பட்ட ஓர் அளவுகோலை ஏதோ இயற்கை விதி போல நடத்துவதுதான் வியப்பு.

இதற்கு எதிராக ஒரு வாதம் உடனே எழும். அது வலுவான வாதமும்கூட. மதிப்பெண் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. சாதி கேட்பதில்லை, சிபாரிசுக் கடிதம் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் மதிப்பெண்ணை மக்கள் நம்பத் தொடங்கியதே நேர்முகத் தேர்வுகளில் பட்ட அனுபவத்தால்தான். மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத்துக்கு 75 மதிப்பெண் ஒதுக்கியிருந்த காலம் உண்டு. பெரியகருப்பன் வழக்கில் 1970-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வு நடந்த விதத்தைக் கண்டித்தது. 1980-இல் அஜய் ஹாசியா வழக்கில், மொத்த மதிப்பெண்ணில் 15 சதவீதத்துக்கு மேல் நேர்முகத்துக்குத் தருவது தன்னிச்சையான செயல் என்றது. டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியின் கதையும் இங்கே வருகிறது. மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் சேர்க்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் 1980-இல் உத்தரவிட்டபோது, தன் நேர்முகத் தேர்வைக் காத்துக்கொள்ள அந்தக் கல்லூரி உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1991 டிசம்பரில் வந்த தீர்ப்பு, தனக்கென ஒரு தேர்வுமுறை வைத்துக்கொள்ளும் உரிமை அதற்கு உண்டு என்றும், சிறுபான்மை மாணவருக்கு முன்னுரிமை தரலாம் என்றும், அந்த முன்னுரிமை 50 சதவீத இடங்களைத் தாண்டக் கூடாது என்றும் சொன்னது. பெரிய வெற்றிதான். ஆனால் அந்த நேர்முகம் நன்றாக ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கே சாதகம் என்ற குறை பல காலமாக இருந்துவந்தது. 2022-இல் டெல்லி உயர் நீதிமன்றம், சிறுபான்மையல்லாத மாணவர்களுக்கு நேர்முகமே கூடாது, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான சியுஇடி-யின் மதிப்பெண்ணைக் கொண்டுதான் சேர்க்க வேண்டும் என்று கூறிவிட்டது. ஆகவே நேர்முகத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. கொட்டச்சேட்டுப் பிள்ளையை ஒரு பெரிய மேசைக்கு முன்னால் உட்கார வைத்து ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்று ஆங்கிலத்தில் கேட்பதைவிடக் கட்-ஆஃப் எவ்வளவோ மேல்.

மதிப்பெண்ணை வைத்துக்கொள்ளலாம், அதைப் படிக்கும் முறையை மாற்ற வேண்டும். 600-க்கு 430 என்பதைத் தனி எண்ணாகப் பார்த்தால் நடுத்தரம். அந்தப் பள்ளியில் அந்த ஆண்டு தேர்வு எழுதியவர்களில் அதுவே முதல் மதிப்பெண் என்று தெரிந்தால் அதே 430 வேறு செய்தி சொல்லும். இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997-இல் சட்டமே இயற்றியது: ஒவ்வொரு பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. பணக்காரப் பள்ளியா, ஏழைப் பள்ளியா என்ற பேச்சே கிடையாது. அப்படி வந்தவர்கள், பொதுத் திறன் தேர்வில் தங்களைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றுவந்த மற்றவர்களுக்கு ஈடாகவும், பல சமயம் மேலாகவும் முதலாண்டில் படித்தார்கள் என்று ஆஸ்டினில் உள்ள பல்கலைக்கழகமே அறிக்கை வெளியிட்டது. நம் நாட்டில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வருவோருக்குக் கூடுதல் புள்ளிகள் வழங்கிவந்தது. 1983-இல் நின்றுபோன அந்த முறையை மாணவர்கள் போராடி 1990-களில் மீட்டார்கள். மாவட்டத்தின் பெண் எழுத்தறிவு போன்ற அரசுக் கணக்கெடுப்புப் புள்ளிவிவரங்களே அதற்கு அடிப்படை. யாருடைய தயவும் தேவைப்படவில்லை. தமிழ்நாட்டிலேயே 2020-இல் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்; ஒதுக்கீடு வந்த ஆண்டே அந்த எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது. மாணவரோடு அவர் படித்த பள்ளியையும் சேர்த்து எடைபோடலாம் என்பதை இந்த மாநிலம் சட்டமாகவே ஏற்றுக்கொண்டுவிட்டது.

அரசு இதையெல்லாம் செய்கிறதே, பிறகு கிறிஸ்தவக் கல்லூரி எதற்குத் தனியாக மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இதற்குப் பதில் சொல்ல, இட ஒதுக்கீடு எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மாநிலத்தின் 69 சதவீத ஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு 1 சதவீதம். ஆயிரம் இடம் உள்ள கல்லூரியில் பத்து. தனியார் கல்வி நிறுவனங்களுக்கும் ஒதுக்கீட்டை விரிவாக்க வழிசெய்த 93-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது. இன்னொன்று, கிறிஸ்தவ மக்களுக்குள்ளேயே இருக்கும் பிளவு. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவரான தலித் பட்டியல் சாதியாகக் கருதப்படுவதில்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். பழங்குடியினருக்கு அந்தத் தடை இல்லை. ஆக, தோட்டத்து லயத்தில் வளர்ந்த தலித் கிறிஸ்தவப் பெண், மூன்று தலைமுறையாகப் படித்த நகரத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணோடு ஒரே வரிசையில் நிற்கிறாள். 2007-இல் தமிழ்நாடு அரசு கிறிஸ்தவர்களுக்கு 3.5 சதவீதம் தனியாக ஒதுக்கியதும், முன்பு கிடைத்ததைவிட இடம் குறைகிறது என்று கண்டு மறு ஆண்டே கிறிஸ்தவத் தலைவர்களே அதை விலக்கிக்கொள்ளும்படி கேட்டதும் பலருக்கு நினைவிருக்கும். ‘கிறிஸ்தவர்’ என்ற ஒரே பெட்டி எல்லோரையும் அடக்காது என்பதை அதற்குமேல் யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. கிறிஸ்தவக் கல்லூரியின் சிறுபான்மை இடங்களை மொத்த மதிப்பெண் வரிசையிலேயே நிரப்பினால், அந்தப் பெட்டிக்குள் மேலே இருப்பவர்களுக்கே அவை போகும். ஞானஸ்நானச் சான்றிதழ் கதவைத் திறக்கும். உள்ளே யார் முதலில் நுழைகிறார் என்பதை மதிப்பெண்தான் முடிவு செய்யும். அரசு செய்யாத, செய்யவும் முடியாத வேலை இங்கேதான் இருக்கிறது.

கிறிஸ்தவக் கல்லூரிகளுக்கு இது புதிய தலைவலி என்று நினைக்க வேண்டாம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் தொடக்கம், 1837-இல் ஜான் ஆண்டர்சன் நடத்திய பள்ளி. தொடங்கிய மிகச் சில ஆண்டுகளிலேயே அங்கே வெடித்த பெரிய சச்சரவு மாணவர் சேர்க்கையைப் பற்றியதுதான். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அவர்களை வெளியேற்றாவிட்டால் நாங்கள் போகிறோம் என்று மேல்சாதி மாணவர்கள் கிளம்பினார்கள். ஆண்டர்சன் வெளியேற்றவில்லை, பலர் போய்விட்டார்கள். பின்னால் வில்லியம் மில்லர் காலத்தில் அந்தக் கல்லூரி தென்னிந்தியாவின் பெரிய கல்லூரியாக வளர்ந்தது; மதம் மாற்றுவதை உடனடிப் பலனாக எதிர்பாராமல், படித்த இந்துக் குடும்பங்களுக்கு வாசலை அகலத் திறந்து வைத்தார் அவர். அதன் பயன் மறுக்க முடியாதது. ஆனால் 1931-இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த லிண்ட்சே தலைமையில் வந்த ஆணையம் இந்தியாவின் கிறிஸ்தவக் கல்லூரிகளைப் பார்த்துவிட்டு ஒரு கசப்பான கருத்தைச் சொல்லிப் போனது. பல்கலைக்கழகத் தேர்வுக்கு ஆள் தயாரிக்கும் வேலையில் இந்தக் கல்லூரிகள் மூழ்கிவிட்டன, மற்றக் கல்லூரிகளிலிருந்து இவற்றைப் பிரித்துக் காட்டும் நோக்கம் மங்கிவிட்டது, சுற்றியுள்ள மக்களின் வாழ்க்கையோடு இவை ஒட்டவேண்டும் என்பதே அதன் சாரம். 1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்து விடுதிகளைச் சுற்றி அமைந்ததற்கும் அந்தச் சிந்தனைக்கும் தொடர்பு உண்டு. சுதந்திரத்துக்குப் பின் சலேசியர்கள் 1951-இல் திருப்பத்தூரிலும், இயேசு சபையினர் 1970-இல் மதுரைக்கு மேற்கே கருமாத்தூரிலும் கல்லூரி தொடங்கினார்கள். பிறமலைக் கள்ளர் நாட்டின் நடுவே கருமாத்தூரில் போய் உட்கார்ந்ததே ஒரு சேர்க்கைக் கொள்கைதான். பேருந்துக்கு எட்டும் தூரத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களே மாணவர்கள்.

எல்லாவற்றையும்விடத் தெளிவான சான்று வேலூரில் இருக்கிறது. ஐடா ஸ்கடர் 1918-இல் பெண்களுக்கென்று தொடங்கிய மருத்துவப் பள்ளி பின்னர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1947 முதல் ஆண்களும் சேர்ந்தார்கள். அங்கே எம்.பி.பி.எஸ். படிக்க நெடுங்காலம் ஒரு தனி முறை இருந்தது. எழுத்துத் தேர்வு கடினமானது. அதில் தேறியவர்களை வேலூருக்கு வரவழைத்து, நாட்கணக்கில் குழுச் செயல்பாடுகளிலும் நேர்காணலிலும் கவனித்தார்கள். பெரும்பகுதி இடங்களுக்குத் திருச்சபை அமைப்புகள் மாணவரை முன்மொழிய வேண்டும். படித்து முடித்ததும் அந்த அமைப்பின் மிஷன் மருத்துவமனையில் இரண்டு ஆண்டு பணி செய்வேன் என்று மாணவர் உறுதி தர வேண்டும். தனியார் மருத்துவக் கல்லூரிகள் லட்சங்களில் பேசிய காலத்தில் இங்கே ஆண்டுப் படிப்புக் கட்டணம் மூவாயிரம் ரூபாய். அதாவது, ‘யார் அதிகம் எடுத்தார்’ என்ற கேள்வியோடு ‘படித்தபின் யாரிடம் போவார்’ என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டார்கள். தரம் கெட்டதா? நாட்டின் முன்னணி மருத்துவக் கல்லூரிகளின் பெயரைச் சொல்லும்போது இன்றும் வேலூரை விட்டுவிட்டு யாரும் பட்டியல் போடுவதில்லை. அடர்ந்த காட்டுப் பகுதிகளிலும் வடகிழக்கு மலைகளிலும் இருக்கிற சின்னச் சின்ன மிஷன் மருத்துவமனைகளுக்கு மருத்துவர் கிடைத்ததும் இந்த முறையால்தான். நாடு முழுவதற்கும் ஒரே மருத்துவ நுழைவுத் தேர்வாக நீட் வந்தபோது, 2017-இல், அதை எதிர்த்த வழக்கு நிலுவையில் இருக்கையில் தன் முறையைக் கைவிட மனமின்றி, அந்தக் கல்லூரி எம்.பி.பி.எஸ்.-க்கு ஒரே ஒரு மாணவரை மட்டும் சேர்த்துவிட்டு மற்ற இடங்களைக் காலியாகவே விட்டது.

முடிவு அதற்குச் சாதகமாக வரவில்லை. 2020 ஏப்ரல் 29-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், நீட் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் பொருந்தும், அது 30-ஆம் பிரிவை மீறவில்லை என்று தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பு நமக்கு இரண்டு விதத்தில் முக்கியம். முதலாவது, தனியார் மருத்துவக் கல்லூரிகளில் நடந்த நன்கொடைக் கொள்ளைதான் ஒரே தேர்வு என்ற யோசனைக்கு வலு சேர்த்தது. வேலூரில் அந்தக் குற்றம் இல்லை. ஆனால் சட்டம் வந்தபோது எல்லோருக்கும் சேர்த்தே வந்தது. சேர்க்கையில் கல்லூரிகளுக்கு இருக்கும் சுதந்திரத்தைச் சிலர் விற்றுக் காசாக்கினால், ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களும் அதை இழப்பார்கள். இரண்டாவது, கலை அறிவியல் கல்லூரிகளுக்கு அந்த நிலை தமிழ்நாட்டில் இன்னும் வரவில்லை. 2022 ஏப்ரலில் சட்டமன்றம் சியுஇடி-க்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரே தேர்வு கிராமப்புற மாணவரை ஓரங்கட்டும் என்பது அதன் வாதம். கிறிஸ்தவக் கல்லூரிகளும் அதை வரவேற்றன என்றால் சரி. ஆனால் ஒரே தேர்வு கூடாது என்று சொல்லிவிட்டு, ஒரே கட்-ஆஃபைத் தொங்கவிடுவது எந்த ஊர் நியாயம்?

கல்லூரிக்குத் தன் விருப்பப்படி புள்ளி போட அனுமதித்தால் பங்குத்தந்தையின் கடிதமும் தாளாளரின் உறவினரும் உள்ளே வந்துவிடுவார்கள் என்பது பலருடைய அச்சம். நியாயமான அச்சம். அதனால்தான் நான் சொல்லும் முறையில் யாருடைய விருப்பத்துக்கும் இடமில்லை. பிளஸ் டூவில் தேறியிருக்க வேண்டும், எடுக்க விரும்பும் பாடத்தில் ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும். இது எல்லோருக்கும் பொது. அதற்குமேல், சிறுபான்மை இடங்களிலும் பொது இடங்களிலும் ஒரு பங்கை, தன் பள்ளியில் மாணவர் பெற்ற இடத்தின்படி நிரப்ப வேண்டும். பெற்றோர் எத்தனை வகுப்பு படித்தார்கள், பள்ளி எந்த ஒன்றியத்தில் இருக்கிறது, அந்த ஒன்றியத்தின் எழுத்தறிவு எவ்வளவு என்பதற்குப் புள்ளி தர வேண்டும். எல்லாமே சான்றிதழிலும் அரசுப் புள்ளிவிவரத்திலும் இருப்பவை. புள்ளிக் கணக்கை விண்ணப்பத்துக்கு முன்பே அச்சிட்டுக் கொடுத்து, சேர்க்கை முடிந்ததும் பட்டியலை விண்ணப்ப எண்ணோடு ஒட்டிவிட்டால், சிபாரிசு நுழைய ஓட்டை இருக்காது. பொது இடங்களையும் நான் சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது: மலையாளிகளில் மிகப் பெரும்பாலோர் மலைத் தெய்வமான சேர்வராயனைக் கும்பிடுகிறவர்கள். கிறிஸ்தவருக்கு மட்டும் முன்னுரிமை தந்துவிட்டுக் கடமை முடிந்தது என்றிருக்கும் கல்லூரியால் கொட்டச்சேட்டின் பெரும்பாலான வீடுகளுக்கு எந்தப் பயனும் இல்லை. கிறிஸ்தவ இடங்கள் மதச்சார்பின்மைக்கு விரோதம் என்று சொல்பவர்களுக்கும் இதுவே சரியான பதிலாகும். அந்த இடங்கள் கிறிஸ்தவர்களில் கடைசியில் நிற்பவருக்குப் போய், மற்றப் பாதி இடங்களிலும் அதே கண்ணோட்டம் இருந்தால், குறைசொல்ல அதிகம் மிஞ்சாது.

விதிப்புத்தகத்தில் எழுதப்படாத தகுதிகளும் சில உண்டு. அவை கட்-ஆஃபைவிடக் கடுமையானவை. மற்ற வகுப்பினருக்கான சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கலாம். பழங்குடிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை, கோப்பு, கையெழுத்து என்று அது நகர்ந்து வருவதற்குள் கல்லூரியின் கடைசித் தேதி முடிந்துவிடும். விண்ணப்பம் இணையத்தில், மலையில் சிக்னல் கிடைக்கிற மேட்டைத் தேடிப் போக வேண்டும். விடுதி இல்லாமல் இடம் மட்டும் தந்தால், மலையிலிருந்து தினமும் இறங்கி ஏறிப் படி என்று சொல்வதாகத்தான் பொருள். சான்றிதழ் வரும்வரை தற்காலிகச் சேர்க்கை, மலையிலேயே ஒரு நாள் விண்ணப்ப முகாம், சேர்க்கைக் கடிதத்தோடு சேர்த்தே விடுதி இடம்: இவற்றுக்கு அரசாணை எதுவும் வேண்டாம், முதல்வர் ஒருவர் மனம் வைத்தால் போதும்.

கடைசியாக, நல்ல மனம் படைத்த ஆசிரியர்கள் சொல்லும் மறுப்பு. ‘குறைந்த மதிப்பெண்ணில் சேர்த்துவிடுகிறோம், பிள்ளை முதல் செமஸ்டரிலேயே நான்கு அரியர் வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுகிறது, இது உதவியா, கொடுமையா?’ என்கிறார்கள். இந்த மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இது சேர்க்கையின் குறையா, சேர்த்தபின் நடத்துவதன் குறையா? அமெரிக்காவின் கென்டக்கியில், அப்பலேச்சியன் மலையடிவாரத்தில், பெரியா என்று ஒரு கிறிஸ்தவக் கல்லூரி இருக்கிறது. 1855-இல் தோன்றியது, அடிமை முறையை எதிர்த்த ஒரு போதகர் தொடங்கியது. குடும்ப வருமானம் ஓர் அளவுக்குமேல் இருந்தால் அங்கே இடம் கிடைப்பது அரிது. நம் ஊரில் மதிப்பெண்ணுக்குக் கீழ்வரம்பு வைக்கிறோம். அவர்கள் வருமானத்துக்கு மேல்வரம்பு வைத்தார்கள். 1892 முதல் படிப்புக் கட்டணம் கிடையாது. ஒவ்வொரு மாணவரும் வளாகத்தில் வாரத்துக்குச் சில மணி நேரம் வேலை செய்ய வேண்டும். மலைநாட்டு ஏழைப் பிள்ளைகளைச் சேர்ப்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்பவே கல்லூரியின் நாளையும் செலவையும் அமைத்துக்கொண்டார்கள். நம் கல்லூரிகளில் பெரும்பாலும் நடப்பது வேறு. தமிழ் வழியில் படித்த பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு, முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் கணக்கியல் நடத்துகிறோம். பிரிட்ஜ் கோர்ஸ் என்று ஒரு வாரம் ஒப்புக்கு வைக்கிறோம். முதலாண்டு முழுவதும் மாலையில் ஒரு மணி நேரம், விடுதியிலேயே, சம்பளம் பெறும் ஓர் ஆசிரியரோடு தமிழும் ஆங்கிலமுமாக அந்தப் பாடங்களை மறுபடி நடத்தினால் எத்தனை அரியர் மிஞ்சும் என்று எந்தக் கல்லூரியாவது சோதித்துப் பார்க்கட்டும். சேர்ந்த மாணவரின் பிளஸ் டூ மதிப்பெண்ணையும் மூன்றாண்டு முடிவில் அவர் பெற்ற மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர் இல்லாமல், ஆண்டுதோறும் வெளியிடட்டும். எந்தக் கல்லூரி மாணவரை வாங்கிய இடத்திலேயே வைத்திருந்தது, எது ஏற்றி விட்டது என்பது அப்போது தெரியும். கல்லூரிகள் இன்று தங்கள் உயர்ந்த கட்-ஆஃபை விளம்பரப் பலகையில் போடுகின்றன. கொட்டச்சேட்டுப் பெற்றோர் அடுத்த மே மாதம் எந்தக் கல்லூரியின் விண்ணப்பத்தை வாங்கப் போனாலும் மூன்றாண்டு முடிவைக் காட்டும் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும்.